ரோயிங் மெஷின்ல 2000 மீட்டர் 8 நிமிஷத்துக்குள்ள: நம்மள மாதிரி ஆளுங்களால முடியுமா?

வடவள்ளி வாசு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க அபார்ட்மென்ட் ஜிம்ல கான்செப்ட்2 ரோயிங் மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்ருக்காங்க, ட்ரெட்மில்லுக்கு வரிசைல நிக்கறவங்க கூட அதுல வந்து உக்கார மாட்டேங்கறாங்க, அதனால காலைல நான் ஒருத்தன்தான். வயசு 41, உயரம் 173, எடை 78 கிலோ. முன்னாடி ஓடிட்டு இருந்தேன், முட்டி ஒத்துழைக்கல. இதுல உக்காந்ததுக்கு அப்பறம் முட்டி வலி இல்ல, உடம்பு முழுக்க வேர்த்து நல்லா இருக்குது, நெஜமாவே ரொம்ப பிடிச்சுப்போச்சுங்க.

ஒருக்கா 2000 மீட்டர் முழு வேகத்துல இழுத்துப் பாத்தேன், 8:50 வந்துச்சு. இத 8 நிமிஷத்துக்கு கீழ கொண்டு வரணும்னு ஆசை. தினமும் டாம்பர் லீவரை 10ல வெச்சு 20 நிமிஷம் முடிஞ்ச மட்டும் இழுக்கறேன், ஸ்ட்ரோக் ரேட் (நிமிஷத்துக்கு எத்தன இழுப்பு) 31 கிட்ட இருக்கும், ஆவரேஜ் ஸ்ப்ளிட் (500 மீட்டருக்கு ஆகற நேரம்) 2:22. அங்கயே நிக்குது, இறங்கவே மாட்டேங்குது. சாயங்காலம் ஆனா இடுப்புக்கு மேல லேசா பிடிக்குது. வேற என்னதான் பண்றது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிக்ஸ்பேக் சிவா:
ப்ரோ சிம்பிள். 20 நிமிஷம்லாம் வேஸ்ட். 1 நிமிஷம் ஃபுல் பவர், 1 நிமிஷம் ரெஸ்ட், 10 ரவுண்டு. டாம்பர் 10லயே இருக்கட்டும், அதுதான் ஸ்ட்ரென்த் ஏத்தும். ஒரு மாசத்துல 8 நிமிஷம் உடைச்சிடலாம்.

அடையாறு அலை:
வாசு சார், நான் காலேஜ் நாள்ல அடையாறு ஆத்துல படகு வலிச்சவன், இப்ப வேலை குடும்பம்னு ஆனதுக்கு அப்புறம் எர்க் மட்டும்தான் (ரோயிங் மெஷினை நாங்க எர்க்னுதான் சொல்லுவோம், எர்கோமீட்டர்). உங்க போஸ்ட்ல இருக்கற நம்பரை வெச்சே நெறைய சொல்ல முடியும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல டாம்பர். அந்த 1லேர்ந்து 10 வரைக்கும் இருக்கற லீவர் "எவ்ளோ கஷ்டம்"ங்கற செட்டிங் இல்ல. ஃபிளைவீல் (நீங்க இழுக்கறப்ப சுத்தற சக்கரம்) கூண்டுக்குள்ள எவ்ளோ காத்து போகணும்னு தெறக்கற கதவு அது, அவ்ளோதான். 10ல வெச்சா நெறைய காத்து உள்ள போகும், நீங்க முன்னாடி வர்ற நேரத்துல வீல் சட்டுனு வேகம் குறைஞ்சிடும், அடுத்த ஸ்ட்ரோக்ல அத மறுபடி முடுக்கணும். சைக்கிள்ல பெரிய கியர் போட்டு மெதுவா மிதிக்கற மாதிரி. மானிட்டர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கு நடுவுலயும் வீல் எவ்ளோ சீக்கிரம் வேகம் குறையுதுன்னு அளந்துதான் கணக்கு போடுது, அதனால 4ல 150 வாட்ஸ் இழுத்தாலும் 10ல 150 வாட்ஸ் இழுத்தாலும் அதே ஸ்ப்ளிட்தான் காட்டும். 10ல வெச்சா மார்க் ஒண்ணும் கூட விழாது, இடுப்புக்கு பாரம் மட்டும்தான் கூடும்.

லீவர் நம்பரை நம்பாதீங்க, டிராக் ஃபேக்டர் பாருங்க, வீல் எவ்ளோ சீக்கிரம் வேகம் குறையுதுங்கறதோட அளவு அது. மானிட்டர் மெனுல மோர் ஆப்ஷன்ஸ் உள்ள டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்னு இருக்கும், அத அமுக்கிட்டு நாலஞ்சு ஸ்ட்ரோக் இழுத்தா ஒரு நம்பர் வரும். உங்க எடைக்கு 115லேர்ந்து 130க்குள்ள வெச்சா போதும். போட்டில வலிக்கற பெரிய பெரிய ஆளுங்களே 130 கிட்டதான் வெக்கறாங்க. மெஷினுக்கு மெஷின், ஊருக்கு ஊர் இந்த நம்பர் மாறும், ஊட்டி மாதிரி உயரமான இடத்துல காத்து லேசு, அதே டிராக்குக்கு லீவரை இன்னும் மேல ஏத்தணும்.

ரெண்டாவது ரேட். 2:22ஐ 31 ரேட்ல இழுக்கறீங்கன்னா ஒரு ஸ்ட்ரோக்குக்கு 7 மீட்டர் கூட வரல சார். கால் வேலை செய்யறதுக்கு முன்னாடியே கையும் முதுகும் இழுத்துடுதுன்னு அர்த்தம். நான் சொல்றத ரெண்டே வாரம் செஞ்சு பாருங்க: ரேட் 19, ஸ்ப்ளிட் 2:38. அப்ப ஒரு ஸ்ட்ரோக்குக்கு 10 மீட்டர் வரும். ஆரம்பத்துல 2:38 ரொம்ப மெதுவா தெரியும், ஆனா 19 ரேட்ல அத புடிச்சு வெக்க ஒவ்வொரு தடவையும் கால் நல்லா தள்ளியே ஆகணும், ஏமாத்த முடியாது.

சிக்ஸ்பேக் சிவா:
அண்ணா மெதுவா இழுத்து எப்படி வேகமா ஆக முடியும்? லாஜிக்கே இல்லையே. ஃபாஸ்ட்டா போகணும்னா ஃபாஸ்ட்டாதான் ட்ரெயின் பண்ணணும்.

அடையாறு அலை:
தம்பி நியாயமான கேள்வி. 2000 மீட்டர்ங்கறது 8 நிமிஷ வேலை. அதுல பெரும்பங்கு சக்தி ஆக்சிஜன் வழியாதான் வருது, 100 மீட்டர் ஓட்டம் மாதிரி இல்ல. அந்த ஆக்சிஜன் பக்கம் வளரணும்னா நெறைய நேரம் உக்காந்து இழுக்கணும், நெறைய நேரம் இழுக்கணும்னா தினமும் நாக்கு தள்ளற வேகத்துல இழுக்க முடியாது. உலகத்துல டாப்ல இருக்கற ரோயர்களே வாரத்துல முக்கால்வாசி நேரத்துக்கு மேல பேசிட்டே இழுக்கற வேகத்துலதான் இருப்பாங்க. இன்டர்வெல் வேணாம்னு நான் சொல்லல, வேணும், வாரத்துக்கு ஒண்ணு.

இன்னொரு விஷயம், இது எல்லாருக்கும் தெரிஞ்சா நெறைய மனவருத்தம் மிச்சம். இந்த மெஷின்ல வேகமும் பவரும் நேர்கோட்டுல போகாது, கன கணக்கு. ஒரு மீட்டருக்கு எத்தன செகண்டோ அந்த நம்பரை மூணு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, 2.80ஐ அதால வகுத்தா வாட்ஸ். வாசு சாரோட 8:50ன்னா ஸ்ப்ளிட் 2:12.5, சுமார் 150 வாட்ஸ். 8:00ன்னா ஸ்ப்ளிட் 2:00, அது 203 வாட்ஸ். பாக்க 50 செகண்ட் வித்தியாசம், உள்ள பாத்தா 35 சதவீதம் கூடுதல் பவர். ஒரு மாசத்துல வர்ற சமாச்சாரம் இல்ல. 8:20க்கு 179 வாட்ஸ், மொதல்ல அத குறி வெப்போம்.

இப்ப தினமும் 2:22ல இழுக்கறது 122 வாட்ஸ், அவரோட 2000 மீட்டர் பவர்ல 80 சதவீதத்துக்கு மேல. தினமும் அரை டெஸ்ட் எழுதற மாதிரி ஆகுது. உடம்பு தேறவும் விடல, சுலபமாவும் இல்ல. 55லேர்ந்து 65 சதவீதத்துல நீளமா இழுக்கறதுதான் அஸ்திவாரம், அவருக்கு அது 82லேர்ந்து 97 வாட்ஸ். அதனாலதான் 2:38னு சொன்னேன்.

ஸ்கார்பரோ செல்வா:
வணக்கம். நான் கனடாவில இருக்கிறன், வீட்டு பேஸ்மென்டில கான்செப்ட்2 மெஷின், பழைய மாடல் டி ஒண்டு கிடக்கு. இஞ்ச பனி தொடங்கினா வெளியில ஓடேலாது, அதால இதில ஏறினனான், இப்ப கோடையிலயும் விட மனமில்லை.

அலை அண்ணை சொல்றது முழுக்கச் சரி. வாசு அண்ணை, நான் ஒரு சின்னப் பயிற்சி சொல்லுறன், இதுதான் எனக்கு எல்லாத்தையும் மாத்தினது. இழுத்து முடிச்ச உடன கை முன்னால போகவேணும், பிறகு இடுப்பில இருந்து உடம்பு முன்னால சரியவேணும், அதுக்குப் பிறகுதான் முழங்கால் மடியவேணும். ஹேண்டில் முழங்காலைத் தாண்டுற வரைக்கும் முழங்கால் எழும்பக்கூடாது. நிறையப் பேர் கையை நீட்டமுதலே காலை மடக்கிப்போடுவினம், பிறகு ஹேண்டில் முழங்கால்ல முட்டாமல் இருக்க அதை மேல தூக்கி ஒரு வளையம் போடுவினம். செயினைப் பாருங்கோ, அது போகேக்கையும் வரேக்கையும் ஒரே நேர்கோட்டில இருக்கவேணும். மேலயும் கீழயும் துள்ளினா ஒழுங்கு பிழைக்குது எண்டு அர்த்தம்.

பயிற்சி இதுதான்: கை நீட்டி, உடம்பு சரிஞ்ச இடத்தில ஒரு செகண்ட் அப்பிடியே நில்லுங்கோ. பிறகு மெதுவா முன்னால வாங்கோ. வார்ம் அப்பில பத்து நிமிசம் இப்பிடிச் செய்தா மிச்ச நேரமும் உடம்பு அதை மறக்காது. இழுக்கிறதுக்கு ஒரு பங்கு நேரமெண்டா முன்னால வாறதுக்கு ரெண்டு பங்கு நேரம் எடுக்கவேணும். முன்னால வாறது மூச்சு வாங்குற நேரம், அவசரப்படாதேங்கோ.

பிசியோ கவி:
நான் பிசியோதெரபிஸ்ட். ரோயிங் பண்றவங்ககிட்ட அதிகமா பாக்கற காயம் கீழ் முதுகுதான், அதுக்கு அப்புறம் விலா எலும்பு. வாசு சார் சொன்ன மாதிரி "சாயங்காலம் லேசா பிடிக்குது"ங்கற நெலமைலயே சரி பண்ணிடறது நல்லது.

முன்னாடி வரும்போது முதுகை வளைச்சு எட்டிப் பிடிக்கக் கூடாது, இடுப்பு மூட்டுலேர்ந்து மொத்த உடம்பும் சேர்ந்து சாயணும். இத செக் பண்ண ஒரு வழி, பக்கவாட்டுல ஃபோனை வெச்சு வீடியோ எடுங்க. கடைசி வரைக்கும் முன்னாடி வந்த நெலமைல முழங்காலுக்கு கீழ இருக்கற எலும்பு தரைக்கு செங்குத்தா நிக்கணும். அத தாண்டி குதிகால் பக்கம் சீட் முட்டற அளவுக்கு வந்தீங்கன்னா முதுகு வளைஞ்சேதான் தீரும். ஹேம்ஸ்ட்ரிங் (தொடையோட பின்பக்க தசை) இறுக்கமா இருக்கறவங்க, அதாவது நாள் பூரா நாற்காலில உக்கார்ற நம்ம எல்லாரும், ஃபுட்பிளேட்டை ஒரு ஓட்டை கீழ இறக்கினா முன்னாடி வர்றது சுலபமாகும். ஸ்ட்ராப் பாதத்தோட அகலமான இடத்துல வரணும், கணுக்கால் பக்கம் இல்ல.

அப்புறம் நேரம். முதுகு தசை களைச்சுப்போக களைச்சுப்போக வளைவு கூடிட்டே போகும், மொதல் அஞ்சு நிமிஷத்துல அழகா இருக்கற ஆளு முப்பதாவது நிமிஷத்துல கூன் போட்டுருப்பாரு. அதனால 40 நிமிஷம் ஒரே மூச்சா வேணாம், 10 நிமிஷம் இழுத்து எந்திரிச்சு நின்னு ஒரு வாய் தண்ணி குடிச்சு மறுபடி உக்காருங்க. வலி காலுக்கு இறங்குது, மரத்துப்போகுதுன்னா மெஷினை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

நிலா ரன்னர்:
நல்ல இழை, எல்லாருக்கும் நன்றி. நானும் ஆறு மாசமா வீட்ல இழுக்கறேன், எடை 58 கிலோ. எனக்கு ரெண்டு சந்தேகம். மானிட்டர்ல கலோரி பாத்தா மணிக்கு 640 650னு காட்டுது, நம்பலாமா? சாப்பாட்டை அத வெச்சு கணக்கு போடலாமான்னு கேக்கறேன். இன்னொண்ணு, என் வீட்டுக்காரர் 85 கிலோ, வாரத்துக்கு ஒரு நாள்தான் உக்கார்றாரு, ஆனா 5000 மீட்டர்ல என்னைவிட சாதாரணமா முன்னாடி போயிடறாரு. எனக்கு வருத்தமா இருக்கு, உண்மைய சொல்றேன்.

அடையாறு அலை:
மேடம் வருத்தப்படவே வேணாம். நீங்களும் அவரும் ஒரே நம்பரை வெச்சு போட்டி போடறதே பொருத்தம் இல்ல. தண்ணில படகு ஓட்டறப்ப எடை கூட இருந்தா படகு இன்னும் ஆழமா உக்காரும், தண்ணி இழுவை கூடும். மெஷின்ல அந்த அபராதம் கிடையாது, எடையும் உயரமும் இருக்கறவங்களுக்கு லாபம் மட்டும்தான். அதனாலதான் இன்டோர் ரோயிங் போட்டில லைட்வெயிட்னு தனியா வெச்சிருக்காங்க, பெண்களுக்கு 61.5 கிலோ, ஆண்களுக்கு 75 கிலோ வரைக்கும். நீங்க அந்த பிரிவுல வருவீங்க, உங்க வயசு எடையில இருக்கறவங்களோட உங்க நேரத்தை வெச்சு பாருங்க. எடைக்கு ஏத்த மாதிரி நேரத்தை திருத்தற கணக்கும் கான்செப்ட்2 போட்ருக்காங்க, பவுண்டுல உங்க எடையை 270ஆல வகுத்து 0.222 அடுக்குக்கு உயர்த்தி உங்க நேரத்தோட பெருக்கணும். ரெண்டு பேருக்கும் போட்டு பாருங்க, யார் முன்னாடின்னு அப்ப சொல்லுங்க.

கலோரி: அந்த நம்பரை சாப்பாட்டுக்கு எடுத்துக்காதீங்க. அது வாட்ஸை 4ஆலயும் 0.8604ஆலயும் பெருக்கி அதோட 300 கூட்டறது. 100 வாட்ஸ்ல இழுத்தா 644னு வரும், அதுல 300 நீங்க சீட்ல நகர்ந்துட்டு இருக்கறதுக்குன்னு எல்லாருக்கும் பொதுவா சேத்தது, அதுவும் சுமார் 79 கிலோ ஆளுக்கு போட்ட கணக்கு. 58 கிலோ இருக்கற உங்களுக்கு உண்மைல குறைவா இருக்கும். வாட்ஸும் ஸ்ப்ளிட்டும்தான் நம்பத்தகுந்த நம்பர்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்கு வயது 64. பி.பி. மாத்திரை எடுக்கிறேன். மகன் வீட்டில் இந்த இயந்திரம் இருக்கிறது. நடைப்பயிற்சி தவிர வேறு பழக்கம் இல்லை. இந்த வயதில் ஆரம்பிக்கலாமா, கவி அவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

பிசியோ கவி:
தாராளமா ஆரம்பிக்கலாம் ஐயா, ஆனா உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. எந்த மாத்திரைன்னு பாத்துக்கோங்க, பீட்டா பிளாக்கர் வகையா இருந்தா நாடித்துடிப்பு ஏறாது, அதனால ஹார்ட் ரேட் வாட்சை வெச்சு அளவு பாக்க முடியாது. அப்ப பேச்சுதான் அளவு. இழுத்துக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். மூச்சை அடக்கி இழுக்கவே கூடாது, இழுக்கும்போது வெளிய விடணும். ஹேண்டிலை நெரிச்சுப் பிடிக்காதீங்க, விரலால கொக்கி போட்ட மாதிரி பிடிச்சா போதும். 5 நிமிஷம் இழுத்து 2 நிமிஷம் ஓய்வு, அப்படி ரெண்டு மூணு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சீட் தாழ்வா இருக்கும், எந்திரிக்கும்போது அவசரப்படாதீங்க ஐயா, பி.பி. மாத்திரை எடுக்கறவங்களுக்கு சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தலாம், மொத சில நாள் மகனைப் பக்கத்துல வெச்சுக்கோங்க.

பழைய மெக்கானிக்:
மெஷினைப் பத்தி யாருமே பேசலையே, அதனால நான் வர்றேன். 1976ல வெர்மான்ட்ல டிரைசிகாக்கர் சகோதரர்கள் ரெண்டு பேர் படகுத் துடுப்பு செய்ய ஆரம்பிச்ச கம்பெனிதான் கான்செப்ட்2, 1981ல வந்த அவங்க மொத ரோயிங் மெஷின்ல ஃபிளைவீலே சைக்கிள் சக்கரம்தான். இன்னிக்கும் உள்ள அவ்ளோதான் இருக்கு, ஒரு செயின், ஒரு ஃபேன், ஒரு தண்டவாளம், பின்னாடி இழுக்கற ரப்பர் கயிறு. அதனாலதான் கவனிச்சா இருபது வருஷம் ஆனாலும் ஓடுது.

வாசு தம்பி, அபார்ட்மென்ட் மெஷின்னு சொன்னீங்க, அத வந்த நாள்லேர்ந்து யாரும் தொறந்திருக்க மாட்டாங்க. ஃபேன் கூண்டை சுத்தி இருக்கற ஓட்டைல டார்ச் அடிச்சு பாருங்க, பஞ்சும் தூசியும் சாம்பல் நிறத்துல படிஞ்சிருக்கும். காத்து போற வழி அடைஞ்சா டிராக் இறங்கும். வேக்குவம் கிளீனர் வெச்சு வெளிலேர்ந்து உறிஞ்சினாலே பாதி போயிடும். செயினுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவ எண்ணெய். மினரல் ஆயில் இல்லன்னா 20டபிள்யூ மோட்டார் ஆயில், ஒரு டிஷ்யூ பேப்பர்ல கொஞ்சமா விட்டு செயின் முழுக்க துடைச்சு எடுங்க. டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீங்க, அது இருக்கற எண்ணெயையும் கழுவிடும், இத கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கறேன். சீட் உருள்ற தண்டவாளத்தை தினமும் இழுத்து முடிச்சதும் துணியால துடைங்க, கறுப்பா ஒட்டுறது வேர்வையும் தூசியும் சேர்ந்தது, அதுமேல உருண்டா ரோலர் தேயும். கடற்கரை ஊர்ல இருக்கறவங்க செயின் துருவை இன்னும் அடிக்கடி பாக்கணும்.

வாங்கறதப் பத்தி கேக்கறவங்களுக்கு: மேக்னட் மெஷின்ல சத்தம் கம்மி, ராத்திரி இழுக்கலாம், விலையும் கம்மி, ஆனா ஒரு மெஷின்ல வர்ற ஸ்ப்ளிட் இன்னொண்ணுல வராது, மத்தவங்களோட ஒப்பிட முடியாது. வாட்டர் டேங்க் மெஷின் சத்தம் கேக்க நல்லா இருக்கும், இடம் பிடிக்கும். டெஸ்ட், நேரம்னு போறவங்களுக்கு காத்து மெஷின்தான். நீளம் 8 அடி வரும், வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல அளந்து பாத்துருங்க. ரெண்டா கழட்டி நிறுத்தலாம்.

வடவள்ளி வாசு:
எல்லாருக்கும் மனசார நன்றிங்க. மெக்கானிக் அண்ணா சொன்ன மாதிரியே டார்ச் அடிச்சு பாத்தேன், உள்ள ஒரு கம்பளியே பின்னலாம் போல இருந்துச்சு. டாம்பர் 10ல டிராக் 165தான் காட்டுச்சு, சுத்தம் பண்ணதும் அதே 10ல 205. இப்ப லீவர் 4ல வெச்சிருக்கேன், 118 வருது. அசோசியேஷன்ல சொல்லி ஒரு வேக்குவமும் செயினுக்கு எண்ணெயும் ஜிம்லயே வெக்க ஏற்பாடு பண்ணியாச்சு.

2:38, ரேட் 19. மொத நாள் கடுப்பாதான் இருந்துச்சுங்க, ரேட் தானா 24க்கு ஓடுது, பிடிச்சு வெக்கறதே வேலை. செல்வா சொன்ன அந்த ஒரு செகண்ட் நிறுத்தம் போட்டதுக்கு அப்பறம்தான் தொடைல வேலை செய்யறது தெரிஞ்சுது, முன்னாடி தோள்பட்டைதான் எரியும். இடுப்பு பிடிப்பு இல்லவே இல்ல. ஒரு சந்தேகம், முப்பது நிமிஷம் தாண்டினா அதே 2:38தான், ஆனா ஹார்ட் ரேட் 135லேர்ந்து 150க்கு ஏறிடுது. இது சரியா?

அடையாறு அலை:
அருமை வாசு சார். ஏறறது இயல்புதான். நம்மூர் வெக்கைல, ஏசி இல்லாத ரூம்ல, உடம்பு சூட்டை வெளியேத்த தோலுக்கு ரத்தத்தை அனுப்பணும், வேர்வையில தண்ணி போகுது, அதனால அதே வேலைக்கு இதயம் கூட துடிக்கும். எர்க்ல உக்காந்தவங்களுக்கு எதிர்காத்தும் கிடையாது. ஒரு டேபிள் ஃபேனை நேரா முகத்துக்கு வைங்க, தண்ணில ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கோங்க. சித்திரை வெயில்ல ஹார்ட் ரேட்டை பிடிச்சுக்கிட்டு ஸ்ப்ளிட்டை விட்டுக்கொடுங்க, 2:42 ஆனாலும் பரவால்ல.

வாரத்துக்கு நாலு நாள் போதும் உங்களுக்கு. மூணு நாள் 40 நிமிஷம், கவி மேடம் சொன்ன மாதிரி பத்து பத்தா பிரிச்சு, ரேட் 18லேர்ந்து 20. நாலாவது நாள் கஷ்டமான வேலை: ஒரு வாரம் 500 மீட்டர் எட்டு தடவ, நடுவுல 3:30 ஓய்வு. அடுத்த வாரம் 1000 மீட்டர் நாலு தடவ, நடுவுல 5 நிமிஷம். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, பீட் மார்ஸ்டன்னு இங்கிலாந்து இன்டோர் ரோயர் ஒருத்தர் போட்ட பிளான்ல இருக்கற செஷன்ஸ், உலகம் முழுக்க அமெச்சூர்ஸ் அதத்தான் பின்பத்தறாங்க. 500க்கு நீங்க நெனைக்கற 2000 மீட்டர் ஸ்ப்ளிட், அதாவது 2:05, ஆயிரத்துக்கு 2:08 2:09. எல்லா ரவுண்டும் ஒரே மாதிரி வரணும், கடைசி ரவுண்டு மட்டும் மனசுபோல. மொத ரவுண்டுல 1:58 போய் கடைசில 2:15 வந்தா அந்த நாள் வீண்.

சிவா தம்பி, நீங்க கேட்ட வேகம் இங்கதான் வருது, வந்து சேந்துக்கோங்க.

சிக்ஸ்பேக் சிவா:
ஓகே அண்ணா, 4x1000 ட்ரை பண்ணேன். மூணாவதுலயே உசுரு போச்சு. நான் 80 கிலோ, டெட்லிஃப்ட் 160 எடுக்கறேன், ஆனா ஸ்ப்ளிட் 2:09ல நிக்கல. பலம் இருந்து என்ன, மூச்சு இல்ல. மெதுவா இழுக்கறத ஆரம்பிக்கறேன். 2000 மீட்டர் டெஸ்ட் எப்படி பிரிச்சு இழுக்கணும்னும் சொல்லுங்க.

அடையாறு அலை:
அந்த பலம் வீணா போகாது தம்பி, மூச்சு ஏறினதும் நீங்க எங்க எல்லாரையும் தாண்டிடுவீங்க.

டெஸ்ட்ல எல்லாரும் சாகற இடம் மொத 300 மீட்டர். முதல் பத்து பதினஞ்சு செகண்டுக்கு தசைல ஏற்கனவே சேத்து வெச்ச சக்தி இருக்கு, அதனால எந்த வேகமும் சுலபமா தெரியும், மானிட்டர்ல 1:50 பாத்து சந்தோஷமா இருக்கும், கடன் 1000 மீட்டர் தாண்டினதும் வந்து நிக்கும். நின்ன இடத்துலேர்ந்து வீலை சுத்த அஞ்சு வேகமான ஸ்ட்ரோக், அதுக்கு அப்புறம் உடனே குறி வெச்ச ஸ்ப்ளிட்ல உக்காந்துடணும். 8:20 குறின்னா மொத 500 2:06, ரெண்டாவது மூணாவது 2:05, கடைசி 500ல மிச்சம் இருக்கறதெல்லாம். ரேட் 26லேர்ந்து 28, கடைசில 30. மூணாவது 500ல "ஏன் இத ஆரம்பிச்சோம்"னு தோணும், எல்லாருக்கும் தோணும், அங்க எண்ணிக்கை உதவும்: பத்து ஸ்ட்ரோக் கால், அடுத்த பத்து ஸ்ட்ரோக் மூச்சு. டெஸ்டுக்கு முன்னாடி 15 நிமிஷமாவது வார்ம் அப் வேணும், குளிர்ந்த உடம்புல இழுத்தா மொத ரெண்டு நிமிஷம் வீணாப்போகும்.

மேல எவ்ளோ தூரம் போகலாம்னு தெரியணுமா, ஆஸ்திரேலியாவோட ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018ல 5:35.8 இழுத்தார், அப்ப அது உலக சாதனை. ஸ்ப்ளிட் 1:24, 590 வாட்ஸ். பெண்கள்ல அமெரிக்காவோட புரூக் மூனி 2021ல 6:21.1. நம்ம நாட்டுல எனக்கு எப்பவும் நெனப்புல நிக்கறது தத்து போகனல். நாசிக் பக்கம் தண்ணிக்கே தவிக்கற ஊர்க்காரர், 2012ல ராணுவத்துல சேந்ததுக்கு அப்புறம்தான் துடுப்பே பிடிச்சார், நாலு வருஷத்துல ரியோ ஒலிம்பிக்ஸ் சிங்கிள் ஸ்கல்ஸ்ல (ஒத்த ஆளா படகு வலிக்கற போட்டி) 13ஆவது எடம். அவர் நிலைமைய நெனச்சா, வீட்டுப் பக்கத்துலயே மெஷின் இருக்கற நம்ம எல்லாம் எவ்ளோ குடுத்துவெச்சவங்கன்னு தோணும்.

நிலா ரன்னர்:
எடை திருத்தம் போட்டு பாத்தேன் அண்ணா. 5000 மீட்டர்ல நான்தான் முன்னாடி! வீட்டுக்காரர் கணக்கை ரெண்டு தடவ அவரே போட்டு பாத்துட்டு, இப்ப வாரத்துக்கு மூணு நாள் உக்கார்றாரு. எனக்கு மெஷின் கிடைக்கறதுதான் இப்ப பிரச்சனை.

ரிட்டயர்டு வாத்தியார்:
கவி அவர்களுக்கு நன்றி. மருத்துவர் சம்மதம் தந்தார். மாத்திரை நீங்கள் சொன்ன பீட்டா பிளாக்கர் வகைதான், ஆகவே திருக்குறள் சொல்லிக்கொண்டே இழுக்கிறேன், ஒரு குறள் மூச்சு முட்டாமல் முடிந்தால் வேகம் சரி என்று வைத்திருக்கிறேன். பேரனும் கூட உட்கார்ந்து சொல்கிறான்.

பிசியோ கவி:
ஐயா இத விட நல்ல அளவு நான் கேள்விப்பட்டதில்ல. இனி என் கிளினிக்ல வர்றவங்களுக்கும் சொல்லப்போறேன்.

வடவள்ளி வாசு:
டெஸ்ட் முடிச்சாச்சுங்க! 8:18.9. ஸ்ப்ளிட் 2:06, 2:05.5, 2:05, 2:02.4. அலை சார் சொன்ன அதே மூணாவது 500ல விட்டுரலாமான்னு வந்துச்சு, பத்து கால் பத்து மூச்சுன்னு எண்ணிட்டே கடந்துட்டேன். கடைசி 300ல ரேட் 31, ஆனா பழைய 31 இல்லீங்க இது, ஒவ்வொண்ணும் கால்லேர்ந்து வந்துச்சு. எந்திரிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. டிராக் 120. அடுத்து என்ன பண்ணட்டும்?

ஸ்கார்பரோ செல்வா:
அண்ணை வாழ்த்துக்கள்! நாலு 500உம் ஒண்டை விட ஒண்டு வேகமா வந்திருக்கு, அதுதான் பெரிய விசயம். முதல்ல நல்லா நித்திரை கொள்ளுங்கோ.

அடையாறு அலை:
ரொம்ப சந்தோஷம் சார். 150 வாட்ஸ்லேர்ந்து 180. இன்னும் 23 வாட்ஸ் பாக்கி.

இந்த வாரம் சும்மா ஜாலியா ரெண்டு நாள் மட்டும். அப்புறம் உங்க சுலபமான வேகம் இனிமே 2:38 இல்ல, 2:28 கிட்ட, ரேட் அதே 19 20தான், ஏத்தாதீங்க. 40 நிமிஷம் சுலபமாயிட்டா வாரத்துல ஒரு நாள் மட்டும் 60 ஆக்குங்க, ஆறு பத்து நிமிஷமா பிரிச்சு. 500 செஷனுக்கு குறி 2:02. அடுத்த டெஸ்ட் மூணு மாசத்துக்கு முன்னாடி வேணாம், நடுவுல அரிப்பு எடுத்தா 5000 மீட்டர் இழுங்க. சிவா, நீங்க எப்ப டெஸ்ட் வெக்கறீங்கன்னு சொல்லுங்க, வாசு சாரும் அதே ஞாயித்துக்கிழமை உக்காந்தா ரெண்டு பேருக்கும் நல்லது.